ஸ்டாக்ஹோமுக்குப் பிள்ளைகளோடு ஜூன் கடைசியில் போகலாமா? (9 வயது, 3 வயது, கூடவே மாமியார்)

வேளச்சேரிக்காரி:
வணக்கம். கணவருக்கு ஸ்டாக்ஹோமின் புறநகரான ஷிஸ்தாவில் அலுவலக வேலை, கோடை முழுக்க அங்கேதான் இருப்பார். பள்ளி திறந்தாலும் பரவாயில்லை என்று ஜூன் கடைசியில் ஒரு வாரம் போல நாங்களும் போவதாக இருக்கிறோம். பெரியவனுக்கு 9, சின்னவளுக்கு 3. மாமியாரும் வருகிறார். சுத்த சைவம், முட்டை கூடக் கிடையாது. கேட்கிறவர்கள் எல்லாரும் "ஐரோப்பா வரைக்கும் போய்விட்டு பாரிஸ் பார்க்காமலா?" என்கிறார்கள். ஸ்டாக்ஹோமில் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது? தள்ளுவண்டி கொண்டுபோகலாமா? அம்மாவுக்குச் சாப்பாடு கிடைக்குமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

சோல்னா சுப்பு:
வாருங்கள். நான் இங்கேதான் இருக்கிறேன், எனக்கும் இரண்டு வால்கள்.

முதலில் தள்ளுவண்டி. கட்டாயம் கொண்டுவாருங்கள். மெட்ரோ நிலையம் எல்லாவற்றிலும் லிஃப்ட் உண்டு. பஸ்ஸில் நடுக் கதவு வண்டிகளுக்கானது, உள்ளே நிறுத்த இடம் விட்டிருப்பார்கள். இன்னொன்று, வண்டியில் குழந்தையோடு வரும் பெரியவருக்கு நகரப் பஸ்ஸில் டிக்கெட் வேண்டாம். ஏறி இறங்க வசதியான நடுக் கதவு வழியாகவே அனுப்பிவிடுகிறார்கள். மெட்ரோவில் இந்தச் சலுகை இல்லை. 7 வயதுக்குள் இருக்கும் குழந்தை பெரியவரோடு வந்தால் எதிலும் இலவசம். பெரியவனுக்குக் குறைந்த கட்டணம். ஒரு டிக்கெட் எடுத்தால் 75 நிமிடத்துக்குப் பஸ், மெட்ரோ, டிராம் என்று மாறி மாறிப் போகலாம்.

வண்டி திணறும் இடம் ஒன்றே ஒன்று, காம்லா ஸ்தான். பழைய ஊர், முழுக்கக் கல் பாவிய சந்து. சின்ன சக்கர வண்டியென்றால் கையில் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

ஷிஸ்தாவில் தங்குவது நல்லதுதான். நீல வழித்தட மெட்ரோவில் நகர மையத்துக்கு இருபது நிமிடம் கூட ஆகாது. அந்த வழியே ஒரு கண்காட்சி. சோல்னா சென்ட்ரம் நிலையம் பாறையைக் குடைந்தது. மேலே முழுக்கச் சிவப்பு, கீழே சுவரெல்லாம் பச்சைக் காடு. 1975-ல் வரைந்தது. ஷிஸ்தாவுக்கு முந்தைய நிலையமான ஹாலோன்பெர்யனில் சுவர் முழுவதும் குழந்தைகள் கிறுக்கியது மாதிரி படங்கள். உங்கள் சின்னவள் அங்கே இறங்காமல் விடமாட்டாள். ஊரில் உள்ள நூறு நிலையங்களில் தொண்ணூறுக்கு மேல் ஏதாவது ஓர் ஓவியமோ சிற்பமோ இருக்கும். மழை வந்தால் இதையே பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளலாம்.

குமரன்77:
எல்லாம் சரி. அந்தக் காசுக்கு புடாபெஸ்ட் இரண்டு தடவை போய்விட்டு வரலாம். ஒரு காப்பி விலையைக் கேட்டால் மயக்கம் வரும்.

நித்திலா:
@குமரன்77 காப்பி விலை உண்மைதான். ஆனால் இவர் பிள்ளைகளோடு போகிறார், அங்கேதான் கணக்கு மாறுகிறது. வாசா அருங்காட்சியகத்தில் 18 வயது வரை இலவசம். நோபல் அருங்காட்சியகமும் அப்படித்தான். பூங்கா எல்லாம் இலவசம். தங்குமிடம் ஏற்கெனவே கணவர் வீடு. பெரிய செலவு விமான டிக்கெட்தான், அது எந்த ஊருக்கும் உண்டு. விசாக் கட்டணமும் 6 வயதுக்குள் கிடையாது. 6-லிருந்து 11 வரை 45 யூரோ, பெரியவர்களுக்கு 90. 12 வயது ஆகாததால் பையனுக்குக் கைரேகை கூட வேண்டாம். கோடைக்கு விண்ணப்பம் குவியும், அதனால் நேரம் பதிவு செய்வதைத் தள்ளிப்போட வேண்டாம்.

வாசாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் 9 வயதுப் பையனுக்கு அதைவிட நல்ல இடம் அந்த ஊரில் இல்லை.

1628-ம் வருடம் ஆகஸ்ட் 10. ஸ்வீடன் ராஜா இரண்டாம் குஸ்தாவ் அடோல்ஃப் கட்டச் சொன்ன போர்க்கப்பல், 64 பீரங்கி, உடம்பெல்லாம் சிற்பம். ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்க்கிறது. 1,300 மீட்டர் போனதும் ஒரு காற்று வீச, சாய்ந்து, திறந்திருந்த கீழ்த்தள பீரங்கி வாசல் வழியாகத் தண்ணீர் புகுந்து, துறைமுகத்துக்குள்ளேயே மூழ்கிவிட்டது. இதில் பையனிடம் சொல்ல வேண்டிய பகுதி என்னவென்றால், புறப்படும் முன்பே சோதனை செய்தார்கள். முப்பது மாலுமிகளை மேல்தளத்தில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடவிட்டார்கள். மூன்று தடவை ஓடியதுமே கப்பல் ஆடிய ஆட்டத்தில் தளபதி போதும், நிறுத்து என்றுவிட்டார். ஆனால் புறப்பாட்டை நிறுத்தவில்லை. ராஜா அவசரப்படுத்திக்கொண்டிருந்தார், அவரிடம் போய்ச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. பிறகு விசாரணை வைத்தார்கள், ஒருவருக்கும் தண்டனை கிடையாது. அளவெல்லாம் ராஜா ஒப்புக்கொண்டது, கட்டிய தலைமைத் தச்சரோ அதற்குள் இறந்துபோயிருந்தார். யாரைத் தண்டிப்பது?

பால்டிக் கடலில் உப்பு குறைவு. மரத்தைத் தின்னும் கப்பல் புழு அதில் பிழைக்காது. அதனால்தான் 333 வருடம் கழித்து, 1961 ஏப்ரலில் தூக்கியபோதும் கப்பல் கப்பலாகவே வந்தது. இப்போது நிற்பதில் 98 சதவீதம் பழைய மரமே. கட்டடத்தின் கூரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பாய்மரக் கம்பங்கள் அசல் கப்பலின் உயரத்தைக் காட்டுவதற்காக வைத்தவை. தூரத்தில் படகிலிருந்தே தெரியும்.

குறும்படம் ஒன்று போடுவார்கள், அதை முதலில் பாருங்கள். உள்ளே மரத்துக்காக இருட்டும் குளிர்ச்சியுமாக வைத்திருப்பார்கள். ஆளுக்கொரு ஸ்வெட்டர் வேண்டும்.

வேளச்சேரிக்காரி:
நித்திலா, பெரியவனுக்கு இதை வாசித்துக் காட்டினேன். "அப்போ ராஜாவைத் தானே தண்டிக்கணும்?" என்கிறான். சின்னவள் இருட்டென்றால் அழுவாள். அவளை என்ன செய்வது?

நித்திலா:
இருவரையும் ஒன்றாக இழுத்துப் போகாதீர்கள், அவ்வளவுதான். வாசாவுக்குப் பக்கத்திலேயே, ஐந்து நிமிட நடையில் யூனிபாக்கன். குழந்தைக் கதைகளுக்கென்றே ஒரு வீடு. சின்னதாக ஒரு ரயில், கதைகளுக்கு நடுவே மேலும் கீழுமாகப் போகும், ஆங்கிலத்திலும் கதை கேட்கலாம். முடிவில் கதைச் சிறுமி பிப்பியின் வீடு. ஏறலாம், சறுக்கலாம், குதிரை மேல் உட்காரலாம், எதையும் தொடாதே என்று சொல்ல ஆள் கிடையாது. அப்பா மகனோடு வாசா, நீங்கள் மகளோடு யூனிபாக்கன். பிப்பியை எழுதிய அஸ்ட்ரிட் லிண்ட்கிரென் முகம் அந்த ஊர் 20 குரோனர் நோட்டில் இருக்கிறது. நோட்டை வாங்கிக்கொள்ளத்தான் கடைகளில் ஆள் இல்லை, எங்கும் அட்டைதான்.

சோல்னா சுப்பு:
அது உண்மை. கையில் பணம் மாற்றிக்கொண்டு வராதீர்கள். "ரொக்கம் வாங்குவதில்லை" என்று கதவிலேயே ஒட்டியிருப்பார்கள். பொதுக் கழிப்பறைக்குக் கூட சில இடங்களில் அட்டையைத் தட்ட வேண்டும். மாமியார் கையில் ஓர் அட்டை கொடுத்து வையுங்கள்.

நித்திலா சொன்ன இரண்டு இடமும் யூர்கோர்டன் தீவில். அதற்கு டிராம் 7 போகும். ஆனால் நான் சொல்வது படகு. ஸ்லுஸ்ஸன் படகுத்துறையிலிருந்து 82-ம் எண் படகு, மெட்ரோ டிக்கெட்டே செல்லும், பத்து நிமிடப் பயணம். தனியாகக் காசு கொடுத்துச் சுற்றுலாப் படகு ஏறுகிறவர்கள் பார்க்கிற அரண்மனை, பழைய ஊர், கப்பல்கள் எல்லாம் இதிலும் தெரியும்.

அதே தீவில் ஸ்கான்சன். 1891-ல் ஆரம்பித்த திறந்தவெளி அருங்காட்சியகம், நாடெங்குமிருந்து பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து மேட்டில் வைத்திருக்கிறார்கள். கண்ணாடி ஊதுவார்கள், ரொட்டி சுடுவார்கள், பழைய உடையில் நின்று பேசுவார்கள். அது உங்களுக்கும் அம்மாவுக்கும். பிள்ளைகளுக்கு கரடி, ஓநாய், மூஸ் என்ற பெரிய மான், சீல். கோடையில் கரடிக் குட்டிகள் வெளியே இருந்தால் மற்றதையெல்லாம் மறந்துவிடுங்கள், அங்கேயே சாயங்காலம் ஆகிவிடும். மேடு ஏறுவது அம்மாவுக்குச் சிரமம் என்றால் மலை ரயில் ஒன்று உண்டு, ஓடுகிறதா என்று வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு ஒன்று போதும். வாசாவும் ஸ்கான்சனும் ஒரே தீவு, ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று ஊரிலிருந்து வருகிற எல்லாரும் திட்டம் போடுவார்கள். மூன்று மணிக்கு ஸ்கான்சன் நடுவே ஒரு பெஞ்சில் குடும்பத்தோடு உட்கார்ந்து யாருக்கும் யாரோடும் பேச்சு இருக்காது. நான் அழைத்துப்போன விருந்தாளிகளிடம் நிறையப் பார்த்துவிட்டேன்.

திண்ணைப் பாட்டி:
வேளச்சேரி அம்மா, உன் மாமியாருக்காக நான் எழுதுகிறேன். மகள் வீட்டுக்குப் போய் ஒரு கோடை அங்கே இருந்தவள்.

தயிர் கிடைக்கும், பயப்பட வேண்டாம். பெரிய கடைகளில் துருக்கி யோகர்ட் என்று கெட்டியாக இருக்கும், தயிர்சாதத்துக்கு அதுதான். ஃபில்மியோல்க் என்று அட்டைப் பெட்டியில் விற்பார்கள், ஊற்றுகிற மாதிரி புளித்தது, மோருக்கு ஆகும். பாசுமதி அரிசி, சிவப்பு மசூர் பருப்பு, தேங்காய்ப் பால் சாதாரணக் கடையிலேயே உண்டு. புளி, பெருங்காயம், சாம்பார் பொடி மட்டும் பெட்டியில் வை. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்காதே.

வெளியே சாப்பிட வேண்டுமென்றால் வேலை நாளில் பகல் 11 மணிக்கு மேல் 'இன்றைய மதிய உணவு' என்று போடுவார்கள். ஒரே விலையில் சாலட், ரொட்டி, காப்பி எல்லாம் சேர்த்து. இரவுச் சாப்பாட்டைவிட ரொம்பக் குறைவு. ஃபலாஃபல் (கொண்டைக்கடலை வடை மாதிரி) கடை எங்கும் உண்டு. வியாழக்கிழமை பட்டாணி சூப்பும் பான்கேக்கும் அவர்கள் வழக்கம். சூப்பைப் பார்த்துச் சைவம் என்று நினைத்துவிடாதே, பன்றி இறைச்சி போடுவார்கள். பான்கேக்கில் முட்டை. பிள்ளைகள் கேட்கிற நிறம் நிறமான மிட்டாயிலும் நிறைய ஜெலட்டின், விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. ஏலக்காய் போட்ட பன் ஒன்று விற்பார்கள், வாசனைக்கே நம்மூர் ஞாபகம் வரும். அதிலும் மேலே முட்டை தடவுவது உண்டு, கேட்டு வாங்கு.

இன்னொன்று, தூக்கம். இதை யாரும் உனக்குச் சொல்லமாட்டார்கள். ஜூன் கடைசியில் சூரியன் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் விழும், காலை மூன்றரைக்கெல்லாம் எழுந்துவிடும். நடுவிலும் முழு இருட்டு கிடையாது. பேத்தி பத்தரைக்கு "பாட்டி, இன்னும் சாயங்காலம்தானே" என்று விளையாடிக்கொண்டிருப்பாள். திரை கெட்டியாக இல்லாவிட்டால் ஜன்னலில் கறுப்புத் துணியோ அலுமினியத் தாளோ ஒட்டு. எட்டரைக்குத் திரையை இழுத்துவிட்டு இரவு வந்துவிட்டது என்று நீயே அறிவித்துவிடு.

வேளச்சேரிக்காரி:
பாட்டி, இதை அப்படியே மாமியாரிடம் கொடுத்துவிட்டேன். "இந்த அம்மா போன் நம்பர் வாங்கு" என்கிறார் :)

தென்றல்_மு:
ஒரு எச்சரிக்கை. அங்கே பிள்ளைகளைப் பொது இடத்தில் அதட்டினாலே போலீஸ் வந்துவிடும், குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று கேள்விப்பட்டேன். சுற்றுலாவாக இருந்தாலும் பார்த்து நடந்துகொள்ளுங்கள்.

சோல்னா சுப்பு:
@தென்றல்_மு இந்தப் பயம் ஊரில் ரொம்பப் பரவியிருக்கிறது. சட்டம் என்னவோ உண்மை. பிள்ளைகளை அடிப்பதை முழுவதுமாகத் தடை செய்த முதல் நாடு ஸ்வீடன், 1979-ல். பெற்றோருக்கும் சேர்த்துத்தான் தடை. முதுகில் ஒரு தட்டு கூடச் சட்டப்படி கூடாது, சுற்றுலாப் பயணி என்பதால் விலக்கு இல்லை. ஆனால் கடையில் புரண்டு அழும் குழந்தையை அதட்டினால் யாரும் போலீஸைக் கூப்பிடுவதில்லை. இங்கேயும் பிள்ளைகள் கடையில் புரண்டு அழுகின்றன. அப்பன்மார் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஏதோ பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி முடிவே இல்லாமல் பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்கே பொறுமை போய்விடும்.

தள்ளுவண்டியோடு பகலில் ஆண்களைப் பார்த்தால் அதிசயப்படாதீர்கள். ஒரு குழந்தைக்கு 480 நாள் ஊதிய விடுப்பு, அப்பாவுக்கென்று 90 நாள் தனியாக ஒதுக்கியது, எடுக்காவிட்டால் போயிற்று.

குமரன்77:
அடிக்காமல் எப்படித்தான் வளர்க்கிறார்களோ. நாங்கள் எல்லாம் பெல்ட் அடி வாங்கித்தான் உருப்பட்டோம்.

நித்திலா:
உருப்பட்டதாக நீங்கள் சொல்கிறீர்கள், குமரன் அண்ணா. வேறு யாரும் சொல்லவில்லையே.

குமரன்77:
:) சரி சரி. இலவச இடம் இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

நித்திலா:
நகர நடுவில், டி-சென்ட்ராலன் மெட்ரோவுக்கு மேலேயே குல்தூர்ஹூசெட் என்ற பண்பாட்டு மாளிகை. உள்ளே குழந்தைகளுக்கென்றே ஒரு நூலகம். தவழ்கிற வயதிலிருந்து 11 வரை. புத்தகம், பொந்து, படம் வரையும் மேசை எல்லாம் உண்டு. 10 முதல் 13 வயதுக்காரர்களுக்குத் தனியாக இன்னொரு நூலகம். அதில் பெரியவர்களுக்கு அனுமதி இல்லை. பெற்றோர் வாசலோடு சரி! உங்கள் பையனுக்கு இன்னும் ஒரு வயது போதாது, அதைச் சொல்லி அவனை வெறுப்பேற்றாதீர்கள்.

பிறகு விளையாட்டுத் திடல்கள். சாதாரண ஊஞ்சல், சறுக்கு என்று நினைக்காதீர்கள். சோடர்மால்ம் தீவில் ப்ரிகார்தெப்பன் என்று ஒன்று, பழங்காலத் தெருவையே சின்னதாகக் கட்டி வைத்தது போல இருக்கும். வாசா பூங்காவில் பெரிய திடல். ரோலாம்ப்ஸ்ஹோவ் பூங்காவில் கோடையில் குழந்தைகள் கால் நனைக்கும் குளம். நாங்கள் போன அருங்காட்சியகம் எதுவும் என் பிள்ளைகளுக்கு இப்போது ஞாபகம் இல்லை. அந்தக் குளம் இருக்கிறது.

திருச்சி வாத்தியார்:
பழைய ஊரின் நடுச் சதுக்கத்தில் நோபல் அருங்காட்சியகம். இதை விட்டுவிடாதீர்கள். பெரிய இடமில்லை, ஒன்றரை மணி நேரம் தாராளம். மேலே கூரையில் கம்பி வடத்தில் பரிசு பெற்றவர்களின் படங்கள் ஒவ்வொன்றாக ஊர்ந்து போய்க்கொண்டே இருக்கும். ஆயிரத்துக்குக் கிட்ட இருப்பதால் உங்களுக்கு வேண்டியவர் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. ஆகவே பையனை அங்குள்ள திரையில் மூன்று பேரைத் தேடச் சொல்லுங்கள். எங்கள் திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன், 1930. அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகர், 1983. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், 2009, வேதியியல்.

அங்கே உள்ள காப்பிக் கடையில் நாற்காலியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கலாம். பரிசு வாங்க வருகிறவர்கள் அடிப்பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற வழக்கம். உட்கார்ந்திருப்பவரை எழுப்பிவிட்டுத் திருப்ப வேண்டாம்.

வெளியே வந்தால் அரண்மனை பக்கம்தான். கோடையில் காவல் மாறும் நிகழ்ச்சி வேலை நாளில் 12:15-க்கு, ஞாயிறு 13:15-க்கு. கூட்டம் இருக்கும், சின்னவளைத் தோளில் ஏற்ற ஆள் வேண்டும். அரண்மனைக்கு எதிரே ஃபின்னிஷ் தேவாலயத்தின் பின்முற்றத்தில் 15 செ.மீ. உயரத்தில் ஓர் இரும்புப் பையன் நிலவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். குளிர்காலத்தில் ஊர்க்காரர்கள் அவனுக்குக் கம்பளித் தொப்பி பின்னிப் போடுவார்கள். அவனைக் கண்டுபிடி என்று சொல்லிவிட்டால் காம்லா ஸ்தான் நடை அலுக்காது. அங்கேயே 90 செ.மீ. அகலச் சந்து ஒன்றும் உண்டு, 36 படி. தள்ளுவண்டியோடு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

அலைபாயும்_அலை:
டிசம்பரில் போயிருந்தோம். யாரும் சொல்லாததால் சொல்கிறேன்: ஜூன் கிடைத்தால் ஜூனே போங்கள். டிசம்பரில் மூன்று மணிக்குள் இருட்டு. மெழுகுவர்த்தி, லூசியா என்ற டிசம்பர் விளக்குத் திருநாள் ஊர்வலம், ஸ்கான்சன் சந்தை எல்லாம் அழகு, ஆனால் மூன்று வயதுக் குழந்தைக்கு ஐந்தடுக்கு உடுப்புப் போட்டு முடிக்கும்போதே அது சிறுநீருக்கு அழும்.

சோல்னா சுப்பு:
ஆனால் ஜூன் கடைசி என்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. மிட்சம்மர். ஜூன் 19-லிருந்து 25-க்குள் வரும் வெள்ளிக்கிழமை. அன்று ஊர் காலி. கடைகளும் உணவகங்களும் பாதிக்கு மேல் மூடியிருக்கும், மறுநாளும் ஏறக்குறைய அப்படியே. இங்கே கிறிஸ்துமஸுக்குச் சமமான பண்டிகை அது. திட்டத்தில் அந்த நாளைக் குறித்துக்கொண்டு ஸ்கான்சனை அன்றைக்கு வையுங்கள். இலையும் பூவும் சுற்றிய கம்பம் நட்டு, சுற்றி எல்லாரும் ஆடுவார்கள். தவளை மாதிரிக் குதித்துப் போகும் ஆட்டம் ஒன்று வரும், வயது பார்க்காமல் குதிப்பார்கள். சின்னவளுக்குத் தலையில் வைக்கப் பூ வளையம் கட்டித் தரலாம். மாமியாருக்குப் பூத்தொடுக்கத் தெரியும் என்றால் அங்கேயே ஒரு கூட்டம் கூடிவிடும்.

வேளச்சேரிக்காரி:
அப்படியென்றால் வியாழனே வந்து சேர்கிற மாதிரி டிக்கெட் பார்க்கிறோம். பாரிஸ் வேண்டாம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. பையன் சுவரில் வாசா படம் ஒட்டிவிட்டான், பீரங்கி எண்ணிக்கை எழுதி. கடைசியாக ஒரு கேள்வி: அர்லாண்டா விமான நிலையத்திலிருந்து ஷிஸ்தாவுக்கு டாக்ஸியா, ரயிலா? பெட்டிகள் நாலு, மாமியார், தூங்கும் குழந்தை.

சோல்னா சுப்பு:
விரைவு ரயில் பதினெட்டு, இருபது நிமிடம், ஆனால் நகர மையத்துக்குப் போய் நீங்கள் திரும்ப வடக்கே வர வேண்டும். ஷிஸ்தா அந்த வழியிலேயே இருக்கிறது. நாலு பெட்டியோடு டாக்ஸிதான். முன்பே பதிவு செய்யுங்கள், செய்யும்போதே குழந்தை இருக்கை கேளுங்கள். 135 செ.மீ.க்குக் குறைவான பிள்ளைகளுக்கு அது சட்டம், பெரியவனுக்கும் உயர இருக்கை வேண்டியிருக்கும், அளந்து பாருங்கள். வாசலில் நிற்கிற வண்டியில் ஏறுவதானால் கதவுக் கண்ணாடியில் கட்டணம் எழுதிய மஞ்சள் ஒட்டுத்தாளைப் பாருங்கள். கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு கிடையாது, ஒவ்வொருவரும் ஒவ்வொரு விலை. எண் கண்ணை உறுத்தினால் அடுத்த வண்டி. நிலையான கட்டணம் எவ்வளவு என்று ஏறும் முன்பே கேளுங்கள்.

வியாழன் வருகிறீர்கள் என்றால் உங்கள் வீட்டுக்காரரிடம் புதன்கிழமையே பால், யோகர்ட், ரொட்டி, காய்கறி வாங்கி வைக்கச் சொல்லுங்கள். வியாழன் சாயங்காலம் கடைகளில் ஸ்ட்ராபெரிக்கும் உருளைக்கிழங்குக்கும் ஊரே வரிசையில் நிற்கும்.

குமரன்77:
நாங்கள் நாலு பேர், பிள்ளைகள் 5, 12. அந்த 82-ம் எண் படகு ஞாயிற்றுக்கிழமையும் ஓடுமா?

சோல்னா சுப்பு:
ஓடும் :)